பிரைஸா, அவார்டா, ரிவார்டா? கேடயத்தில் பெயர் பொறிக்கும் முன்

ஒரு வாசகர் வட்டம் ஆண்டுதோறும் ஒருவருக்கு 10,000 ரூபாயும் ஒரு கேடயமும் கொடுக்கத் தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் சேர்ந்துவிட்டது, மண்டபமும் கிடைத்துவிட்டது. கேடயம் செய்யும் கடையில், "இங்கிலீஷ்ல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரி, என்ன போடணும்?" என்று கேட்கிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பிரைஸ், அவார்டு, ரிவார்டு, டிராபி, மெடல் என்று ஐந்து சொற்கள் உடனே நினைவுக்கு வரும். தமிழில் பரிசு, விருது, வெகுமதி, சன்மானம், பட்டம், பதக்கம், கோப்பை, பொற்கிழி என்று அதற்கும் மேல் உண்டு. காதுக்கு எது கம்பீரமாக இருக்கிறதோ அதைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்த பிள்ளைக்கு "விருது", நாற்பது ஆண்டு நாட்டார் பாடல் சேகரித்தவருக்குச் "சிறப்புப் பரிசு" என்றெல்லாம் அச்சாவது அதனால்தான்.

கையில் கொடுக்கும் பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். பலர் மோதி ஒருவர் முந்தினாரா? ஒருவரின் வேலையைச் சிலர் உட்கார்ந்து ஆராய்ந்து முடிவெடுத்தார்களா? இல்லை, செய்து தந்த காரியத்துக்குக் கைமாறா? இந்த மூன்று கேள்விகளும் பிரைஸ், அவார்டு, ரிவார்டு என்ற சொற்களின் வேரிலேயே இருக்கின்றன.

விலையும் பரிசும் ஒரே சொல்லாக இருந்தபோது

பிரைஸ் என்ற சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் "பிரெத்தியும்". அதற்குப் பொருள் விலை, மதிப்பு. பழைய பிரெஞ்சில் அது "ப்ரீஸ்" ஆகி ஆங்கிலத்துக்குள் வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் விலை, மதிப்பு, புகழ்ச்சி, வென்றவருக்குக் கிடைக்கும் பொருள் ஆகிய நான்கையும் சுமந்தது. பிறகுதான் மூன்றாகக் கிளை பிரிந்தது: விலையைக் குறிக்கும் பிரைஸ், பரிசைக் குறிக்கும் பிரைஸ், பாராட்டைக் குறிக்கும் பிரெய்ஸ். மதிப்பிடுதலைச் சொல்லும் "அப்ரைசல்", விலைமதிப்பற்றதைச் சொல்லும் "பிரெஷியஸ்", தேய்மானத்தைச் சொல்லும் "டிப்ரீசியேஷன்" எல்லாம் இதே குடும்பம்.

மற்ற ஐரோப்பிய மொழிகள் பல இந்தப் பிரிவினையைச் செய்யவே இல்லை. பிரெஞ்சில் "ப்ரீ", ஜெர்மனில் "ப்ரைஸ்", ஸ்வீடிஷில் "ப்ரீஸ்" ஆகிய ஒவ்வொன்றும் கடைப் பொருளின் விலையையும் குறிக்கும், பரிசையும் குறிக்கும். ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பர் 27 அன்று கையெழுத்திட்ட உயில் ஸ்வீடிஷ் மொழியில் உள்ளது. ஆகவே அந்தப் பரிசின் பெயரில் இருக்கும் சொல்லும் ஸ்டாக்ஹோம் கடைச் சீட்டில் விலையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றுதான். கார்ப் பந்தயப் பெயரான "கிராண்ட் ப்ரீ"க்கும் நேர்ப்பொருள் பெரும் பரிசு. கடைசி எழுத்து ஒலிக்காது என்பதால் அதை "ப்ரிக்ஸ்" என்று படிப்பது தவறு.

இந்தப் பழைய உறவுதான் நம் அழைப்பிதழ்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழைக்கும் காரணம். விலைக்கும் பரிசுக்கும் ஆங்கில எழுத்தில் வேறுபாடு ஒன்றே ஒன்று. நான்காவது எழுத்து விலைக்கு "சி", பரிசுக்கு "இசட்". அதே இடத்தில் "எஸ்" வந்தால் நெம்பித் திறப்பது என்று இன்னொரு சொல்லாகிவிடும். பள்ளி ஆண்டு விழாப் பதாகையில் பரிசளிப்பு என்று எழுத நினைத்துச் "சி" போட்டால், விலை விநியோகம் என்று ஆகிவிடுகிறது. கணினியின் பிழைதிருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் மூன்றும் அகராதியில் உள்ள சொற்கள். தமிழ் எழுத்தில் மூன்றும் "பிரைஸ்" என்றே வருவதால் காதும் உதவாது. சொல்லிப் பார்க்க வேண்டுமானால், விலையில் கடைசி ஒலி நாகத்தின் சீறல் போல வெறும் காற்று. பரிசில் அது வண்டின் ரீங்காரம் போல அதிரும், முன்னால் உள்ள உயிரொலியும் சற்று நீளும். ஆனால் அச்சுக்குப் போகும் முன் அந்த நான்காம் எழுத்தை ஒருவர் விரல் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

கொள்ளைக்கும் அதே பெயர்

பரிசைக் குறிக்கும் பிரைஸின் எழுத்துகளையே கொண்ட இன்னொரு சொல் உண்டு. அதன் வேர் வேறு. லத்தீனில் "பிடி, கைப்பற்று" என்று பொருள்படும் வினையிலிருந்து பிரெஞ்சில் "ப்ரீஸ்", அதாவது பிடித்தெடுத்தது, என்ற பெயர்ச்சொல் பிறந்தது. சிறையைக் குறிக்கும் "பிரிஸன்", திடீரென ஆட்கொள்வதைக் குறிக்கும் "சர்பிரைஸ்" இரண்டும் இந்த வேரிலிருந்து வந்தவை. போரில் பிடிபட்ட எதிரிக் கப்பல் இந்த வகைப் பிரைஸ்தான்.

பிரிட்டிஷ் கடற்படையில் இதற்குக் கறாரான பங்கீடு இருந்தது. 1808 வரையிலான முறையில் பிடித்த கப்பலின் மதிப்பை எட்டாகப் பிரித்து மூன்று பங்கைக் கப்பல் தலைவரின் கணக்கில் வைப்பார்கள். அதில் ஒன்று அவருக்கு மேலிருந்த தளபதிக்குப் போகும். அடிமட்ட மாலுமிகள் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு பங்கு. 1762இல் ஹெர்மியோன் என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடித்தபோது இரண்டு கப்பல் தலைவர்களுக்கும் ஆளுக்குச் சுமார் 65,000 பவுண்டு கிடைத்தது. சாதாரண மாலுமிக்கு 480 பவுண்டைத் தாண்டியது. நிலத்துப் போரிலும் இதே பேச்சுதான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் திப்பு சுல்தானின் கருவூலத்தைக் கணக்கெடுத்துப் பங்கிட நியமிக்கப்பட்டவர்களின் பெயர் "பிரைஸ் ஏஜெண்டுகள்".

ஆகவே பழைய ஆங்கில ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் "பிரைஸ் மணி" என்று கண்டவுடன் "பரிசுத் தொகை" என்று எழுதிவிடக் கூடாது. அது கொள்ளைப் பங்கு. யாரிடமிருந்து பறித்தது என்ற கேள்வியைப் "பரிசு" என்ற நல்ல சொல் மூடிவிடும். வரலாற்று நூல்களில் இது சிறு பிழை அல்ல.

அவார்டு: முதலில் பார்வை, பிறகுதான் பொருள்

அவார்டு என்ற சொல்லின் உள்ளே "வார்டு" இருக்கிறது. "கார்டு" என்று நாம் சொல்லும் காவலும் அதுவும் ஒன்றே. வட பிரெஞ்சுப் பகுதியில் "வ" என்றும் மற்ற இடங்களில் "க" என்றும் ஒலித்தது. அவார்டு செய்வது என்றால் ஊன்றிப் பார்த்து முடிவு சொல்வது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நீதிபதி அல்லது நடுவரின் தீர்மானத்தையே குறித்தது. அந்தத் தீர்மானத்தால் கிடைக்கும் பொருளுக்கும் அதே பெயரைச் சொல்லத் தொடங்கியது பிறகு.

பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தமிழகத்துக்கு 419 டிஎம்சி என்று சொன்னதை ஆங்கிலப் பத்திரிகைகள் "ஃபைனல் அவார்டு" என்றன. தமிழில் அது "இறுதித் தீர்ப்பு". 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்வுச் சட்டத்திலும் நடுவர் தருவது அவார்டுதான். இயந்திர மொழிபெயர்ப்பு இங்கெல்லாம் "விருது" என்று போட வாய்ப்பிருப்பதால், சட்டச் செய்தியில் அந்தச் சொல் வந்தால் நின்று பார்க்க வேண்டும்.

அவார்டு ஒரு தீர்மானம் என்பதால், வாங்க மறுத்தாலும் அது அழிவதில்லை. 1964இல் ழான் பால் சார்த்தர் நோபல் இலக்கியப் பரிசை ஏற்க மறுத்தார். ஆனாலும் அந்த ஆண்டுக்குரியவர் என்று நோபல் பட்டியலில் அவர் பெயரே இருக்கிறது. தீர்மானம் எடுத்தாயிற்று, ஏற்பது வேறு விஷயம்.

பார்க்காமல் கொடுத்தது மதிப்பாகாது என்பதைத் தமிழ் வெகு காலத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண மலைகள் பல கடந்து வந்தார் பெருஞ்சித்திரனார். அவன் அவரைக் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். அவர் பாடியது புறநானூற்றின் 208ஆம் பாட்டு: "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்". என் தகுதியின் அளவை அறிந்து தந்தால் தினையளவே ஆனாலும் இனிது என்று பாட்டு முடிகிறது. அவார்டு என்ற சொல்லின் வேரைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான உரை கிடையாது. ஆகவே தேர்வுக் குழு இல்லாத, படைப்பை யாரும் படிக்காத, விண்ணப்பக் கட்டணம் கட்டியவருக்கெல்லாம் கிடைக்கும் ஒன்றுக்கு அவார்டு, விருது என்ற பெயர் பொருந்தாது. கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது மறுபடியும் விலைதான்.

ரிவார்டும் வெகுமதியும்

ரிவார்டு என்பது "ரிகார்டு" என்ற சொல்லின் இரட்டைப் பிறவி. ரிகார்டு என்றால் கவனிப்பு, மரியாதை. நம் வெகுமதியும் அதே வழியில் வந்திருக்கிறது: பகு, மதி என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்து பெருமதிப்பு என்று பொருள் தந்தவை, பிறகு கையில் கொடுக்கும் பொருளாயின. சன்மானமும் "நல்ல மரியாதை" என்பதிலிருந்து பணமாக இறங்கிய சொல். மூன்றுமே மரியாதையில் தொடங்கி ரொக்கத்தில் முடிந்தன.

இன்றைய வழக்கில் ரிவார்டு என்றால் ஒரு காரியத்துக்கான கைமாறு. துப்புக் கொடுத்தவருக்குக் காவல்துறை தரும் தொகை, இலக்கை எட்டிய ஊழியருக்குத் தரும் ஊக்கத்தொகை, கடை அட்டையில் சேரும் புள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். இங்கே போட்டியாளர் இல்லை, நடுவரும் இல்லை. நிபந்தனை நிறைவேறினால் கொடுக்க வேண்டியதுதான். 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 10(17ஏ) பிரிவு அவார்டையும் ரிவார்டையும் தனித்தனி உட்பிரிவுகளில் வைத்திருந்தது. அரசு ஏற்படுத்தியதோ மத்திய அரசின் ஒப்புதல் பெற்றதோ ஆன அவார்டுக்குத்தான் அதில் விலக்கு இருந்தது. தனியார் அமைப்பு தன் காசோலைக்கு அவார்டு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் வரி விலகிவிடாது.

இலக்கணத்திலும் இரண்டும் வேறு. ரிவார்டு வினையாக வரும்போது பரிசுப் பொருளுக்கு முன் "வித்" வேண்டும். அவார்டுக்கு வேண்டாம். "அவார்டட் வித் த ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்று சான்றிதழ்களில் வருவது இரண்டையும் குழப்பியதால் வந்தது. அந்த "வித்" போனால் வாக்கியம் நேராகிவிடும்.

மெடல், டிராபி: இவை பொருள்கள் மட்டுமே

மெடலும் டிராபியும் எதற்காகக் கொடுத்தோம் என்பதைச் சொல்வதில்லை, எதைக் கொடுத்தோம் என்பதையே சொல்கின்றன. டிராபிக்கு மட்டும் ஒரு நல்ல பின்னணி உண்டு. கிரேக்கர்கள் போரில் எதிரி புறமுதுகிட்டுத் திரும்பிய அதே இடத்தில் ஒரு மரத்தில் பிடிபட்ட கவசங்களைத் தொங்கவிட்டார்கள். திரும்புதல் என்ற சொல்லிலிருந்து அந்தச் சின்னத்துக்கு "ட்ரோபையோன்" என்று பெயர். பதக்கம் தமிழில் மெடலுக்கு முன்பே சங்கிலியில் தொங்கும் நகையாக இருந்தது, ஆகவே பொருத்தம் இயல்பாக அமைந்தது.

பொருளையும் பரிசையும் பிரித்துப் பார்க்க ஒரு நிகழ்ச்சி போதும். 2022 ஜூனில் ரஷ்யப் பத்திரிகையாளர் திமித்ரி முராத்தவ் தன் நோபல் அமைதிப் பரிசின் பதக்கத்தை அகதிக் குழந்தைகளுக்காக ஏலம் விட்டார். 10 கோடியே 35 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவருக்குப் பதக்கம் கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை. அது இன்னும் முராத்தவுடையதே. எனவே ஆண்டுதோறும் தரும் கௌரவத்துக்கு "தங்கப் பதக்கம்" என்று பெயர் வைத்தால், என்றாவது தங்கத்துக்குப் பணம் போதாமல் கேடயமாக மாற்றும்போது பெயரையும் மாற்ற நேரும். பொருளின் பெயரைத் தலைப்பில் வைக்காமல் விடுவதே பாதுகாப்பு. சுழற்கோப்பை மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் அங்கே அந்தக் கோப்பையே ஆண்டுக்கு ஆண்டு கை மாறுகிறது.

தமிழ் வரியில் எதைப் போடுவது

பரிசு என்ற சொல் அகலமானது. சங்க காலப் பாணர் பெற்ற பரிசில் முதல் பிறந்தநாள் பரிசு வரை எல்லாவற்றையும் தாங்கும். குலுக்கலையும் தாங்கும். 1968இல் தமிழக அரசு தொடங்கி 2003இல் தடையான லாட்டரிக்குப் பெயர் "பரிசுச் சீட்டு"தானே. திறமை, அன்பு, அதிர்ஷ்டம் மூன்றுக்கும் ஒரே சொல் என்பதால் முன்னால் ஓர் அடைமொழி இல்லாமல் அது பொருள் துல்லியமாகாது. "கட்டுரைப் போட்டி முதல் பரிசு" என்று முழுதாக எழுத வேண்டும்.

விருது வந்த வழி வேறு. கன்னடத்திலும் தெலுங்கிலும் "பிருது" என்றால் இன்றும் பட்டப்பெயர்தான். அவார்டுக்குக் கன்னடர் "பிரசஸ்தி" என்றும் தெலுங்கர் "புரஸ்காரம்" என்றும் சொல்கிறார்கள். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று மகேந்திரவர்மன் கல்லில் வெட்டிவைத்தவை அவனுடைய விருதுகள். தமிழ் மட்டும் அந்தச் சொல்லை அவார்டுக்கு நகர்த்திக்கொண்டது. அதனால்தான் விருது பெற்றவர்கள் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் ஆசை நம்மிடம் இவ்வளவு வலுவாக இருக்கிறது போலும். ஆனால் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயரின் முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தெளிவாகவே தீர்ப்பளித்தது. அழைப்பிதழில் "பத்மஸ்ரீ இன்னார்" என்று அச்சிடுவது இந்தத் தீர்ப்புக்கு முரண். "பத்மஸ்ரீ விருது பெற்ற இன்னார்" என்றால் சிக்கல் இல்லை. தனியார் மன்றம் கவிமணி, கலைமணி என்று பட்டம் சூட்டுவதை இந்தப் பிரிவு தடுப்பதில்லை. அப்படிச் சூட்டுவதாக இருந்தால் "விருது" என்று எழுதாமல் "பட்டம்" என்றே எழுதிவிடலாம்.

வினைச்சொற்களும் கவனிக்கத் தக்கவை. போட்டியில் பரிசை வெல்லலாம். விருதைப் பெறுவார்கள், பட்டத்தைச் சூட்டுவார்கள், பதக்கத்தை அணிவிப்பார்கள், வெகுமதியை அறிவிப்பார்கள். "விருது வென்றார்" என்பது செய்தித்தாள்களில் ஊன்றிவிட்டது என்றாலும், விண்ணப்பிக்கவே செய்யாத ஒரு முதியவர் யாரை வென்றார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கும்போது அவர்கள் வைத்த சொல்லையே பின்பற்றுவது நல்லது. நோபல், புக்கர், புலிட்சர் மூன்றும் பிரைஸ், ஆகவே பரிசு. சாகித்திய அகாதமியும் ஞானபீடமும் அவார்டு, ஆகவே விருது. ஆஸ்கர் அதிகாரபூர்வமாக அகாதமி அவார்டு, அதுவும் விருதே. பொருளாதாரத்துக்கு 1969 முதல் வழங்கப்படுவது ஸ்வீடன் மத்திய வங்கி நோபலின் நினைவாக 1968இல் ஏற்படுத்தியது, அதை "நோபல் நினைவுப் பரிசு" என்பது துல்லியம்.

இந்த "நினைவுப் பரிசு" என்ற தொடரே உள்ளூர் விழாக்களில் ஒரு பொறி. மறைந்தவர் பெயரால் தரும் பரிசும் நினைவுப் பரிசு, சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்தனுப்பும் மெமெண்டோவும் நினைவுப் பரிசு. இரண்டும் ஒரே நிகழ்ச்சி நிரலில் வந்தால் யாருக்கு எது என்று மேடையிலேயே குழப்பம் வரும். முதலாவதை "இன்னார் நினைவுப் பரிசு" என்று பெயரோடு எழுதி, இரண்டாவதை "நினைவுச் சின்னம்" என்று மாற்றிவிடலாம்.

நம் வாசகர் வட்டத்துக்கு

வாசகர் வட்டம் சிறுகதைகளை வரவழைத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் ஆங்கிலத்தில் பிரைஸ், தமிழில் பரிசு. வட்டமே ஒரு குழு அமைத்து, எழுத்தாளர்களின் நூல்களைப் படித்து, அவர்கள் கேட்காமலே ஒருவரைத் தேர்ந்தால் அவார்டு, விருது. நூலகத்துக்கு ஆயிரம் புத்தகம் திரட்டித் தந்த இளைஞருக்குக் கொடுப்பதானால் ஆங்கிலத்தில் ரிவார்டு என்ற சொல் சற்றுக் கடைத்தெரு வாடை அடிக்கும். "இன் ரெகக்னிஷன் ஆஃப்" என்று தொடங்கும் பாராட்டுச் சான்றிதழும், தமிழில் "பாராட்டும் பணமுடிப்பும்" என்பதும் கௌரவமானவை. பொற்கிழி என்ற சொல் அழகானது, தொகையும் அதற்கேற்ற அளவில் இருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய்க்குப் "பணமுடிப்பு" போதும்.

இரண்டு வகையும் கலந்து வந்தால், அதாவது விண்ணப்பமும் வாங்கிக் குழுவும் ஆராய்ந்தால், போட்டி என்று அறிவித்தோமா என்பதே தீர்மானிக்கும். அறிவித்திருந்தால் பரிசு.

கடைக்குக் கொடுக்கும் தாளில் ஆங்கில வரியைக் கையால் எழுதாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும், பொறிப்பவர் கண்டதைக் கண்டபடி வெட்டுவார். வரிசை இப்படி இருக்கட்டும்: மேலே பரிசின் பெயரும் ஆண்டும், அடுத்துப் பெறுபவரின் பெயர், அதன் கீழ் எதற்காக என்று ஒரு வரி, கடைசியில் வழங்கும் அமைப்பின் பெயர். எதற்காக என்ற வரியைத்தான் பலர் இடமில்லை என்று விட்டுவிடுகிறார்கள், பத்து ஆண்டு கழித்துக் கேடயத்தைப் பார்ப்பவருக்கு வேண்டியது அதுதான். எழுத்துகளில் மூன்று இடங்களைச் சரிபார்த்தால் பெரும்பாலான பிழை நீங்கும். பிரைஸில் நான்காம் எழுத்து "இசட்". மெமெண்டோவில் இரண்டாம் எழுத்து "இ", "ஓ" அல்ல. "நினைவில் வை" என்ற லத்தீன் ஏவல் அது, நொடியைக் குறிக்கும் "மொமெண்ட்" உடன் அதற்கு உறவில்லை. ரன்னர்-அப் பன்மையாகும்போது "எஸ்" நடுவில் வரும்: ரன்னர்ஸ்-அப். அணிக்கு வரும் இரண்டாம் பரிசுக் கோப்பையில் "ரன்னர்" என்று மட்டும் வெட்டினால் ஓடுபவர் என்றுதான் பொருள். "லைஃப்டைம்" ஒரே சொல், நடுவில் இடைவெளி விட்டால் பித்தளைத் தகட்டில் திருத்த முடியாது, புதுத் தகடுதான் போட வேண்டும்.